எதை

இரவிபுத்தன்துறையில் என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
இங்கிலீஷை வாசித்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை.
மீன்வளத்துறைக்கு, தூதரகத்துக்கு, இன்சூரன்ஸ்காரனுக்கு
ஊருக்காக எழுதுவதும் நான்தான்.
பி.ஏ. ஆங்கிலம், இரண்டு அரியர்.

போன வருஷம் வந்த கடிதத்துக்குச் சிரித்தோம்.
‘ஃபிஷிங் வெசல்’ என்று இருந்ததை
ததேயுஸ் அண்ணனின் பையன் பள்ளிக்கூட அகராதியில் பார்த்து
மீன் பாத்திரம் என்றான்.
எழுபது அடி விசைப்படகு,
பதினொரு ஆள், முப்பது நாளைக்கான ஐஸ்
எல்லாம் ஒரு மீன்சட்டிக்குள்.
‘சட்டிய எங்க பிடிச்சு வச்சிருக்கான்?’ என்று கேட்டார்கள்.
எல்லை தாண்டியதற்கு அபராதம், அவ்வளவுதான்.
கட்டினோம். படகு வந்தது.

இந்த ஐப்பசியில் வரவில்லை.

பாரத்தில் ஆளுக்கு மிஸ்ஸிங் என்று ஒரு கட்டம்,
வலைக்கும் இன்ஜினுக்கும் லாஸ்ட்.
மாற்றி நிரப்பிவிட்டேன்.
அதிகாரி சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்.
அவர் சரிதான்.
மிஸ்ஸிங் என்றால் யாரோ இன்னும் தேடுகிறார்கள்.
லாஸ்ட் என்றால் விலை போட்டுவிடலாம்.
ஆனால் தமிழில் எழுதினால்
களியக்காவிளையிலிருந்து வரும் லாஸ்ட் பஸ்ஸுக்கும்
அதே எழுத்துகள்.
திருத்திய பாரத்தோடு அன்றைக்கு
அந்த பஸ்ஸில்தான் வந்தேன்.

ஒன்பதாம் நாள் மஸ்கட்டிலிருந்து மெயில்.
ஏழு பேர் ரெஸ்க்யூட்.
மூன்று பேர் மிஸ்ஸிங்.
ஒருவர் ரெக்கவர்ட், பெயர் அருள் ஜெனிஸ்.

பெல்சிட்டா பத்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டுவாள்.
என் தோளுக்கு மேலே எட்டி
விரலைத் திரையில் வைத்து, ரெக், ரெக்க, ரெக்கவர்ட்.
‘இது எனக்குத் தெரியும் பிள்ளே.
கொரோனா நேரம் டிவியில பச்சையில போடுவானே,
சுகமானது இத்தன பேருண்ணு.’
மற்ற வரிகளையும் பார்த்தாள்.
‘அவங்களக் காப்பாத்தினதோட சரி.
எனக்க ஆளு சுகமாயிட்டார்ணே எழுதியிருக்கு.’

எந்தப் பரீட்சையிலும் இதைக் கேட்டதில்லை.
ரெஸ்க்யூ என்றால் கை நீட்டுவது,
அந்தப் பக்கமிருந்தும் ஒரு கை வந்து பிடிக்க வேண்டும்.
ரெக்கவர் என்றால் எடுப்பது.
அறுந்த நங்கூரத்தை எடுக்கலாம்,
கெட்டுப்போன போனிலிருந்து
கல்யாண போட்டோக்களை எடுக்கலாம்,
போன மாதம் இவளுக்கே எடுத்துக் கொடுத்தேன்.
ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் எழுந்து நடந்து வீட்டுக்கு வரும்.
கடலில் அதை
நான்கு பேர் தூக்க வேண்டும்.

கடை வாசலில் ஊரே நிற்கிறது.
ஃபேன் சத்தம்.

‘மீட்டிருக்காங்க’ என்றேன்.

பொய் இல்லை.
உயிரையும் மீட்பார்கள், உடலையும் மீட்பார்கள்,
மார்த்தாண்டத்தில் அடகு வைத்த வளையலையும்.
கோயில் முகப்பில் கை விரித்து நிற்கிறவருக்கும்
அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர்.
அதற்குள் கொஞ்ச நேரம்
ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

பெல்சிட்டா கும்பிட்டாள்.
போனை எடுத்தாள், யாருக்கோ சொல்ல.

அவனுடைய அம்மா வியாகுலம், கைநாட்டு,
கல்பெட்டியில் சாய்ந்து நின்றவள்,
திரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
‘எத பிள்ளே?’ என்றாள்.

மூன்று காப்பி கேட்டிருந்தார்கள்.
மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது.